கீழே கடை, மேலே வீடு: 9×9 தூண் காற்றுக்கு நிற்குமா?

பிளான்பலகை (சாய்ந்தமருது)

சந்தி வளவுக்கான வரைபடம் ஒன்று. வீதிப் பக்கம் 40 அடி, உள்ளுக்கு 30 அடி. கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேல் சீற் கூரை. தூண் மொத்தம் 12: வீதியோரமாக நாலு வரிசை, உள்ளுக்குப் போகும் ஒவ்வொரு வரிசையிலும் மூன்று. எல்லாம் 9×9 அங்குலம், 12 மிமீ கம்பி நாலு, 6 மிமீ வளையம் 6 அங்குலத்துக்கு ஒன்று. அத்திவாரம் 4 அடிக்கு 4 அடி. மாடி உயரம் 11 அடி.

சந்தி என்பதால் முன்பக்கமும் இடப்பக்கமும் முழுக்க ரோலர் ஷட்டர். பின்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் மட்டும் புளொக் சுவர். மேலிருந்து வரும் பாரத்துக்கு இது தாராளம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். பக்கவாட்டில் வரும் காற்றை இந்தச் சட்டகம் எப்படித் தாங்குகிறது? தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் உதவி.

கம்பிக்கட்டு (களுவாஞ்சிகுடி)

தம்பி, பாரத்துக்கு அது போதும்தான். 9×9 தூண், நாலு 12, கொங்கிறீட் 1:2:4 (சீமெந்து, மணல், கல்) என்றாலும் வடிவமைப்புக் கணக்கிலேயே 50 தொன் கிட்டத் தாங்கும். உங்கட நடுத் தூணுக்கு சிலாப், பீம், மேல்வீட்டுச் சுவர், ஆட்கள் எல்லாம் சேர்த்து 23 தொன் வந்தால் அதிகம். அக்கரைப்பற்றில இருந்து ஏறாவூர் வரைக்கும் இந்தத் தூணில எத்தனையோ மாடி வீடு நிற்குது. காற்றுக்கு என்று தனியாகக் கூட்ட வேணுமா?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

கூட்ட வேண்டும் அண்ணன். தூண் நசுங்கி விழுவது நம் பக்கத்தில் அரிது. தூண் தலையிலோ காலிலோ மடிந்து, மாடி அப்படியே பக்கமாகச் சரிவதுதான் பயப்பட வேண்டியது.

காற்றின் அளவை முதலில் பார்ப்போம். 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு, 1980இல் வந்த காற்று வடிவமைப்புக் கைநூல் இலங்கையை மூன்று வலயமாகப் பிரித்தது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரம் முதலாம் வலயம். சாதாரணக் கட்டடத்துக்கு செக்கனுக்கு 49 மீற்றர். அனர்த்தத்துக்குப் பிறகும் இயங்க வேண்டிய ஆஸ்பத்திரி போன்றவற்றுக்கு 54. கொழும்பு இருக்கும் மூன்றாம் வலயத்தில் சாதாரணக் கட்டடத்துக்கு 33தான். காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே 49க்கும் 33க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டு மடங்குக்கு மேல். மேல் மாகாணத்தில் வரைந்த பிளானை இங்கே அப்படியே போட்டால் பாதிக் காற்றுக்குத்தான் கட்டுகிறோம்.

உயரத்துக்கும் சுற்றாடலுக்குமான காரணி 0.88 எடுத்தால் வேகம் 43. அழுத்தம் சதுர மீற்றருக்கு 1.14 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் 100 கிலோ பாரம் அளவு). காற்று முன்முகத்தைத் தள்ளுகிறது, பின்முகத்தை இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 1.3 கிலோநியூட்டன். 40 அடி முகத்தில் அடிக்கும்போது, நிலமட்டத்தில் நேராக மண்ணுக்குப் போகும் பங்கைக் கழித்தால் மிச்சம் 12 மீற்றர் நீளம், 4.95 மீற்றர் உயரம். மொத்தம் 77 கிலோநியூட்டன். ஏழே முக்கால் தொன் பக்கவாட்டுத் தள்ளல், கீழ்மாடித் தூண் பன்னிரண்டிலும். கூரைச் சரிவில் படுவதை இதில் சேர்க்கவில்லை.

தூணுக்கு 6.4 கிலோநியூட்டன் என்று சமமாகப் பிரிப்போம். தூணின் தலையும் காலும் அசையாமல் பிடிபட்டிருந்தால் அது எஸ் வடிவில் வளையும். நடு உயரத்தில் மொமென்ட் (தூணை வளைக்கும் திருப்பம்) பூச்சியம். 3 மீற்றர் தெளிவுயரத்தில் பாதி 1.5. ஆக ஒவ்வொரு முனையிலும் 9.6, பாதுகாப்புக் காரணி 1.4ஆல் பெருக்கினால் 13.4 கிலோநியூட்டன் மீற்றர். நாலு 12 மிமீ போட்ட 9×9 தூணுக்கு உள்ள வளைவுத் தாங்குதிறன் ஏறக்குறைய 16. நிற்கும். ஆனால் இந்த விடைக்குள் இரண்டு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: காலும் பிடிபட்டிருக்க வேண்டும், 12 தூணும் சமமாகப் பங்கிட வேண்டும். உங்கள் வரைபடத்தில் இரண்டுமே இல்லை.

பிளான்பலகை

அக்கா, கால் பிடிபடாவிட்டால் கணக்கு எவ்வளவு மாறும்? அத்திவாரம் மண்ணுக்குள்தானே புதைந்து கிடக்கிறது?

வாவிக்கரை

புதைந்திருப்பது வேறு, சுழலாமல் இருப்பது வேறு. சிறிய அத்திவாரம் இளக்கமான மணலில் மெல்லச் சுழலும். அப்போது காலில் மொமென்ட் பூச்சியமாகி, முழுவதும் தலைக்குப் போகிறது: 6.4 × 3 = 19.2, காரணியோடு 27. தூணிடம் இருப்பது 16. தூணின் விறைப்பும் நாலில் ஒன்றாகக் குறையும், அதாவது அதே காற்றுக்கு மாடி நாலு மடங்கு நகரும். சுவர் வெடிப்பு, ஷட்டர் தண்டவாளம் இறுகுதல் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மண்சோதனை (நிந்தவூர்)

மண்ணைப் பற்றி நான் சொல்கிறேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற இந்த மணல் பட்டையில் மேல் ஐந்தாறு அடி பெரும்பாலும் இளக்கம். மாரியில் நீர்மட்டம் அத்திவாரத்தைத் தொடும். இளக்கமான மணலுக்கு சதுர மீற்றருக்கு 100 கிலோநியூட்டனுக்குக் கீழ்தான் எடுக்க வேண்டும். தண்ணீர் நிற்கிற இடத்தில் சோதனை இல்லாமல் 75க்கு மேல் போகக் கூடாது. இப்போது நடுத் தூணின் 230 கிலோநியூட்டனை 4 அடிச் சதுரத்தில் வையுங்கள்: 1.49 சதுர மீற்றர், அழுத்தம் 155. இரண்டு மடங்கு. 75க்குக் கொண்டு வர 5 அடி 9 அங்குலச் சதுரம் வேண்டும். தடிப்பும் 15 அங்குலமாவது போட வேண்டும், இல்லாவிட்டால் தூண் அத்திவாரத்தைக் குத்திக்கொண்டு இறங்கும்.

வளவு எல்லையில் நிற்கிற தூண்களுக்கு இன்னொரு சிக்கல். அத்திவாரம் அடுத்தவன் காணிக்குள் போக முடியாது. அதனால் தூண் அத்திவாரத்தின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் உட்காருகிறது. காற்றே இல்லாமல், கட்டி முடித்த அன்றே அது சுழலப் பார்க்கும். அந்தத் தூணை உள்பக்கத் தூணோடு ஒரு தடித்த நிலக்கீழ் பீமால் இழுத்துக் கட்ட வேண்டும். வலப்பக்கச் சுவர் வரிசைக்கும் பின்வரிசைக்கும் இது கட்டாயம்.

ஆழத்தைக் குறைக்கவும் வேண்டாம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கரையோரத்தில் சுவர் போய்ச் சட்டகம் மட்டும் நின்ற கட்டடங்கள் உண்டு. மூலை அத்திவாரத்துக்குக் கீழே மணல் அரித்துப் போய்ச் சட்டகமே சரிந்தவையும் உண்டு. தண்ணீர் கட்டடத்தின் மூலையைச் சுற்றித்தான் வேகமெடுக்கும், அங்கேதான் குழி விழும்.

வாவிக்கரை

நிந்தவூர்க் காக்கா சொன்னதோடு ஒன்று. கால் பிடிப்பை அத்திவாரத்திடம் மட்டும் கேட்காமல் நிலமட்டப் பீமிடம் கேளுங்கள். 9×12 அங்குலம், மேலே இரண்டு 12 மிமீ, கீழே இரண்டு 12 மிமீ, இரு திசையிலும் ஒவ்வொரு தூணையும் தொட்டுப் போக வேண்டும். அந்தப் பீமுக்கு 20க்கு மேல் மொமென்ட் தாங்கும் வலு இருக்கிறது. அத்திவாரம் சுழன்றாலும் தூணின் காலை அது பிடித்துக்கொள்ளும்.

கடைகளில் நடக்கும் பிழை என்னவென்றால், பின்னுக்கும் பக்கத்துக்கும் பீம் போடுவார்கள், ஷட்டர் வரிசையில் விட்டுவிடுவார்கள். அங்கே சுவர் இல்லை, பிறகு எதற்குப் பீம் என்று கேட்பார்கள். சுவர் இல்லாத இடத்தில்தான் அது தேவை. நடைபாதை மட்டம் இடிக்குமென்றால் பீமை 6 அங்குலம் கீழே இறக்குங்கள், விடாதீர்கள்.

கம்பிக்கட்டு

தங்கச்சி, கணக்கு விளங்குது. ஆனால் என்ட கேள்வி அப்படியே நிற்குது. இதே 9×9, இதே 4 அடி அத்திவாரம், நிலமட்டப் பீம் இல்லாமலே கட்டின மாடி வீடுகள் நிற்குதே. அது எப்படி?

வாவிக்கரை

நல்ல கேள்வி, இந்த இழையின் நடுவே இருப்பது இதுதான். அந்த வீடுகளைத் தூண் தாங்கவில்லை, சுவர் தாங்குகிறது.

தூண், பீம், தூண், நிலமட்டம் நாலும் சேர்ந்த சதுரத்தைப் பக்கமாகத் தள்ளினால் அது சாய்சதுரமாகப் போகப் பார்க்கும். உள்ளே புளொக் சுவர் இறுக்கமாக நிறைந்திருந்தால், ஒரு மேல்மூலையிலிருந்து எதிர்க் கீழ்மூலைக்கு ஓர் உதைகால் போலச் சுவர் நின்று அதைத் தடுக்கும். தூண் வளையும் முன்பே சுவர் பாரத்தை எடுத்துவிடும். அறைக்கு அறை சுவர் இருக்கும் வீட்டில் இந்த உதைகால் இரு திசையிலும் நிறைய. வரைபடத்தில் யாரும் இதைக் கணக்கிடுவதில்லை, ஆனாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கிறது.

கடைக்காக அந்தச் சுவர்களை எடுத்தவுடன் கீழ்மாடி மட்டும் இளகிவிடுகிறது. மேலே வீடு சுவரோடு பெட்டி போல விறைப்பாக இருக்கும். அசைவு முழுவதும் கீழ்த் தூண்களில் சேரும். கல்முனையிலும் காத்தான்குடியிலும் பிரதான வீதியோரம் இந்த அமைப்புத்தான் நிறைய. வீட்டுக்குப் பழகிய தூண் அளவைக் கடைக்கும் போடுவது பிழை.

சந்தி வளவில் இன்னும் மோசம். உங்கள் இரண்டு சுவரும் ஒரே மூலையில் சந்திக்கின்றன. 40 அடி முகத்தில் அடிக்கும் காற்றின் விசை கட்டடத்தின் நடுவில் படும். அதைத் தடுக்கும் வலப்பக்கச் சுவர் 6 மீற்றர் தள்ளி நிற்கிறது. கட்டடம் அந்தச் சுவரைச் சுற்றிக் கதவு போலத் திரும்பப் பார்க்கும். சுவரிலிருந்து 4, 8, 12 மீற்றர் தூரத்தில் இருக்கும் மூன்று வரிசையும் தூரத்துக்கு ஏற்பத் தடுக்கின்றன என்று கொண்டால், கடைசி இடப்பக்க வரிசைக்கு 24.8, தூணுக்கு 8.3 கிலோநியூட்டன். சமமாகப் பிரித்தபோது வந்த 6.4ஐ விட 29 வீதம் கூட. காரணியோடு மொமென்ட் 17.3. கால் முழுக்கப் பிடிபட்டிருந்தாலும் 16ஐத் தாண்டிவிட்டது.

பிளான்பலகை

அப்படியென்றால் எல்லாத் தூணையும் பெருப்பிக்க வேண்டுமா?

வாவிக்கரை

தேவையில்லை. திறந்த இரண்டு பக்கத்துத் தூண்களையும் 9×12 ஆக்குங்கள். இடப்பக்க வரிசையில் 12 அங்குலப் பக்கம் உள்ளுக்குப் போகும் திசையில் இருக்கட்டும், முன்வரிசையில் வீதி நீளத்தில் இருக்கட்டும். மூலைத் தூண் 12×12. அகலம் அதேயாக, ஆழம் 9இலிருந்து 12க்குப் போனால் அந்தத் திசையில் விறைப்பு 2.37 மடங்கு. கம்பி கீழ்மாடி முழுக்க நாலு 16 மிமீ. 9×9இலேயே அது தாங்குதிறனை 16இலிருந்து 25 கிட்டக் கொண்டுபோகும்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. இடப்பக்கத்தில் படிக்கட்டோ கழிவறையோ வருகிற இடத்தில் 4 அடி நீளம், 6 அங்குலத் தடிப்பில் ஒரு கொங்கிறீட் சுவர். ஒரு ஷட்டரின் அகலத்தில் பாதிதான் போகும், கட்டடம் திரும்புவது பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் விசையை அது தன்னிடம் இழுத்துக்கொள்ளும், ஆகவே அதன் அத்திவாரத்தைத் தூண் அத்திவாரம் போலச் சிறிதாகப் போட்டால் சுவரே ஒரு பக்கம் தூக்கும். பக்கத்துத் தூண்களோடு சேர்த்து ஒரே அத்திவாரமாக நீட்டுங்கள்.

நிறையைக்கணக்கு (அக்கரைப்பற்று)

செலவு பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு. 12 மிமீ கம்பி மீற்றருக்கு 0.888 கிலோ, 16 மிமீ 1.58. அத்திவாரத்திலிருந்து முதல் சிலாப்புக்கு மேல் பொருத்து வரை 5.2 மீற்றர் என்று வைத்தால் தூணுக்கு 14 கிலோ சொச்சம் கூட, 12 தூணுக்கும் 170 கிலோ அளவு. மொத்தக் கம்பிச் செலவில் இது சின்னப் பங்கு. அத்திவாரத்தைப் பெருப்பிப்பதுதான் உண்மையில் காசு கேட்கும், அதை மண் கேட்கிறது, தவிர்க்க வழியில்லை.

கலவையையும் 1:2:4இல் விடாதீர்கள். தூணுக்கும் பீமுக்கும் 1:1½:3. கன மீற்றருக்கு 50 கிலோ சீமெந்து 8 பை போகும். பைக்கு 25 லீற்றர் தண்ணீர், மணல் ஈரமென்றால் அதிலும் குறைய.

கம்பிக்கட்டு

சரி, ஒத்துக்கொள்ளுறன். அப்ப நான் தூண், பீம் சந்திக்கிற மூட்டைப் பற்றிச் சொல்ல வேணும். தங்கச்சி கணக்கில் வருகிற அந்த மொமென்ட் எல்லாம் அந்த ஒரு அடிச் சதுரத்துக்குள்ளதான் திரும்புது. அது பிழைத்தால் தூண் எவ்வளவு பெரிசென்றாலும் பிரயோசனம் இல்ல.

பீம் கம்பியைத் தூணுக்குள்ள ரெண்டு அங்குலம் நுழைத்துவிட்டு நிறுத்தக் கூடாது. ஓரத் தூணில மேல்கம்பி தூணின் வெளிப்பக்கக் கம்பி வரை போய், அங்க மடங்கிக் கீழ இறங்க வேணும். பிடிப்பு நீளம் கம்பி விட்டத்தின் 40 மடங்கு: 12க்கு 19 அங்குலம், 16க்கு 25. கீழ்கம்பியும் உள்ள வந்து மேல மடங்க வேணும். காற்று ரெண்டு பக்கமும் அடிக்கும், இண்டைக்கு நசுங்குற கம்பி நாளைக்கு இழுபடும்.

வளையம் 6 அங்குலத்துக்கு ஒன்று என்று வரைந்திருக்கீங்க. 12 மிமீ கம்பிக்கு வளைய இடைவெளி விட்டத்தின் 12 மடங்குக்கு மேல போகப்படாது, அது 144 மிமீ. 6 அங்குலம் என்றால் 152. தூணின் தலையிலயும் காலிலயும் 2 அடிக்கு 4 அங்குலமாக நெருக்குங்க. மூட்டுக்குள்ளயும் வளையம் வேணும். பீம் கம்பி இடைஞ்சல் என்று அங்க போடாம விடுறதுதான் வழக்கமாக நடக்குது. கொக்கியை 90 பாகையில விடாம உள்ளுக்கு 135 பாகைக்கு மடியுங்க. தோல் கொங்கிறீட் உதிர்ந்தால் 90 பாகைக் கொக்கி விரிஞ்சு போகும்.

சிலாப்புக்கு மேல நீட்டிவிட்ட கம்பி இடம் மாறிப் போனால் ஒரேயடியாக வளைக்கிறாங்க. 6 அங்குல நீளத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல சாய்க்கப்படாது. அதுக்கு மேல என்றால் பொறியியலாளரைக் கேட்டுத் துளையிட்டுப் புதுக் கம்பி நடுறதுதான் சரி. மறுகா, தூண் அடியில தேன்கூடு மாதிரிக் கல் தெரிஞ்சால் சாந்து பூசி மூட வேணாம். தட்டி எடுத்து நல்ல கொங்கிறீட் வரும் வரை போய்த்தான் நிரப்ப வேணும். 5 அடிக்கு மேல இருந்து கொட்டினால் கல்லும் சாந்தும் பிரிஞ்சு அந்தத் தேன்கூடுதான் வரும்.

மண்சோதனை

மழைநீர்க் குழாயைத் தூணுக்குள் விடுவதையும் சொல்லுங்கள். 4 அங்குலக் குழாய் 9×9 தூணின் பரப்பில் 15 வீதத்துக்கு மேல் தின்றுவிடும், மூட்டில் வளையத்துக்கும் இடம் விடாது. குழாய் வெளியே ஓடட்டும்.

கடல் மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கலவைக்கு வேண்டாம். உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிடப் பருமன் கூட, கொங்கிறீட்டை உள்ளிருந்து பிளக்கும். கடற்கரைப் பக்கம் என்றால் கம்பிக்கு மேல் 40 மிமீ மூடல், அதற்கு அளவான சீமெந்துக் கட்டை. சல்லிக்கல் வைத்துத் தூக்கினால் வைபிரேற்றர் பட்டவுடன் நழுவிவிடும்.

கைமரம் (வாழைச்சேனை)

எல்லாரும் பக்கத்துக் காற்றைத்தான் பேசுகிறீர்கள். சீற் கூரையைக் காற்று மேலே தூக்கும். 1978இல் முதலில் போனது கூரைதான், கூரை போன பிறகு தலைப்பிடிப்பு இல்லாத முக்கோணச் சுவர்கள் விழுந்தன.

20 அடி அகலத்துக்குக் கைமரம் போட்டு, 4 அடிக்கு ஒரு பிடி வைத்தால், தாழ்வாரம் 2 அடியும் சேர்த்து ஒவ்வொரு பிடிக்கும் 4.5 சதுர மீற்றர் கூரை. சீற்றின் பாரத்தைக் கழித்த தூக்கல் சதுர மீற்றருக்கு 1 கிலோநியூட்டன் அளவு. ஆக ஒரு பிடியில் 450 கிலோ மேல்நோக்கி. அதைக் கட்டுக் கம்பி இரண்டு சுற்றால் பிடிக்க முடியாது. சுற்றுப் பீம் வார்க்கும்போதே 12 மிமீ போல்ட் புதைத்து, சுவர்வளையை (பீமின் மேல் படுக்கும் மரத்தை) வொஷரோடு இறுக்க வேண்டும். கைமரத்தைச் சுவர்வளையோடு இரும்புப் பட்டியால், ஆணி பக்கவாட்டில் வெட்டுப்படுகிற மாதிரி அடிக்க வேண்டும்.

சுற்றுப் பீமும் பறக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தூக்கல் மீற்றருக்கு 3.7 கிலோநியூட்டன், 9×9 பீமின் சொந்தப் பாரம் 1.2. பீமைத் தூண் கம்பியோடு கோத்து வார்க்காவிட்டால் சாந்துப் பொருத்தில் பிரிந்து பீமோடு கூரை போகும். விறாந்தைக் கூரையைத் தனியாகக் கட்டுங்கள், கீழிருந்து ஏறும் காற்றில் அது போனாலும் பெரிய கூரையை இழுத்துக்கொண்டு போகாது. ஓரங்களிலும் முகட்டிலும் திருகாணியை இரட்டிப்பாக்குங்கள், உறிஞ்சல் அங்கேதான் கூட.

பிளான்பலகை

எல்லாருக்கும் நன்றி. வரைபடம் மாறுகிறது: திறந்த பக்கங்களில் 9×12, மூலையில் 12×12, கீழ்மாடியில் 16 மிமீ, படிக்கட்டுப் பக்கம் 4 அடி கொங்கிறீட் சுவர், ஷட்டர் வரிசையிலும் நிலமட்டப் பீம், நடு அத்திவாரம் 5 அடி 9. கணக்கைப் பட்டய பொறியியலாளரிடம் முழுமையாகப் பார்க்கக் கொடுக்கிறேன். ஒரு கேள்வி மிச்சம். மேல்வீட்டுக்கு வீதிப் பக்கம் 4 அடி பல்கனி, 5 அங்குல சிலாப். அதில் கவனிக்க வேண்டியது என்ன?

கம்பிக்கட்டு

பல்கனியில இழுபடுறது மேல்பக்கம், அதால பிரதான கம்பி மேல வேணும். அதே கம்பி உள் சிலாப்புக்குள்ள குறைஞ்சது 6 அடி போக வேணும், பல்கனி நீளத்தின் ஒன்றரை மடங்கு. கொங்கிறீட் போடுற நாளில ஆட்கள் அந்தக் கம்பியில நடந்து கீழ அமத்திப்போடுவாங்க. கம்பியில இருந்து சிலாப்பின் அடி வரை உள்ள வேலை செய்யும் ஆழம் 100 மிமீ என்றால், 40 மிமீ கீழ போனவுடன் வலுவில பத்தில நாலு பங்கு போய் ஆறு பங்குதான் மிச்சம். 2 அடிக்கு ஒரு நாற்காலிக் கம்பி வைத்து, மேல நடக்கப் பலகை போடுங்க.

முட்டுக்கட்டையை 21 நாளுக்கு முன் எடுக்க வேணாம். எடுக்கும்போது பல்கனி நுனியில இருந்து தொடங்கிச் சுவர்ப் பக்கமாக வாங்க. சுவர்ப் பக்க முட்டை முதல் எடுத்தால், நுனி முட்டில சிலாப் ரெண்டு பக்கமும் தாங்கின மாதிரி நின்று, கம்பி இல்லாத அடிப்பக்கம் வெடிக்கும்.